புத்தகத்தைக் கிழித்த பாவியா, குப்பை பொறுக்கியவரா? ஜான் பாக்ஃபோர்டு வழக்கு

ஏட்டுப்பூச்சி (இழை தொடங்கியவர்)

1880இல் வில்லியம் பிளேட்ஸ் என்ற ஆங்கில அச்சகக்காரர் புத்தகங்களின் பகைவர்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். நெருப்பு, தண்ணீர், தூசி, புழு என்று வரிசையாகக் கூண்டில் ஏற்றிக்கொண்டே வந்தவர், சேகரிப்பாளர்கள் அத்தியாயத்தில் எடுத்த எடுப்பிலேயே ஜான் பாக்ஃபோர்டின் சட்டையைப் பிடித்தார். ஊர் ஊராக, நூலகம் நூலகமாகப் போய் அரிய புத்தகங்களின் முகப்புத் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தவன் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பழி இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய புத்தகக்காரர்கள் கூடும் எந்த இடத்திலும் பாக்ஃபோர்டு என்றால் கத்தரிக்கோலோடு திரியும் ஒரு கிழவர்தான் நினைவுக்கு வருகிறார்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1650ஐ ஒட்டி லண்டனில் பிறந்தவர். தொழில் செருப்புத் தைப்பது. பெரிய படிப்பு கிடையாது. அவர் கைப்பட எழுதியவற்றைப் பார்த்தால் ஒரு சொல்லை ஒரே மாதிரி இரண்டு முறை எழுதமாட்டார் போல. எப்படியோ புத்தக வியாபாரத்துக்கு வந்தார். கடை போட்டு உட்கார்ந்து விற்றவர் என்பதைவிட, பெரிய மனிதர்களுக்காகத் தேடி அலைந்து வாங்கிக் கொடுத்த தரகர் என்பதே சரி. இங்கிலாந்தில் முதல் புத்தக ஏலம் நடந்தது 1676இல். அதன்பின் பெரிய நூலகங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வர ஆரம்பித்த காலம் அது. எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவனுக்கு மதிப்பு. அவரிடம் வாங்கியவர்கள் பட்டியலைப் பாருங்கள்: பிஷப் ஜான் மூர், அரசியல்வாதி ராபர்ட் ஹார்லி, மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், கடற்படை நிர்வாகி சாமுவேல் பீப்ஸ்.

தனக்கென்று அவர் சேர்த்தவைதான் வேறு ரகம். அச்சுக்கலையின் முழு வரலாற்றை எழுதவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக முகப்புத் தாள்கள், அச்சகச் சின்னங்கள், காகித மாதிரிகள், பழைய பைண்டிங் துண்டுகள், எழுத்துரு மாதிரிகள், கையெழுத்துப் பிரதிகளின் உதிரித் தாள்கள் எல்லாவற்றையும் பெரிய ஆல்பங்களில் ஒட்டி வைத்தார். 1707இல் அந்த வரலாற்று நூலுக்கு விளம்பர அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் இதழில் அச்சின் தோற்றம் பற்றி அவருடைய கட்டுரை ஒன்றும் வந்தது. நூல் மட்டும் வரவேயில்லை. 1716இல் இறந்துபோனார்.

பிளேட்ஸ் தொடுத்த வழக்கு நிற்காது என்பது என் கட்சி. ஆனால் பாக்ஃபோர்டை மொத்தமாக விடுதலை செய்யவும் மனம் வரவில்லை. உங்கள் கருத்து?

---

மை_மணி

தீர்ப்பையும் நீங்களே எழுதிவிட்டு எங்களைக் கேட்கிறீர்கள். 🙂

நான் எதிர்க்கட்சி. பழைய புத்தகம் வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முகப்புத் தாள் போன புத்தகத்தைக் கையில் வாங்கிய வயிற்றெரிச்சல் உள்ளவனுக்குத்தான் இது புரியும். ஆண்டு தெரியாது, அச்சகம் தெரியாது, பதிப்பு தெரியாது. அவர் சேர்த்தது பத்து இருபது தாள் இல்லை, ஆயிரக்கணக்கில். அத்தனையும் குப்பையிலிருந்து வந்தது என்றால் நம்ப நான் என்ன குழந்தையா? அச்சின் வரலாறு எழுத நினைத்தவர் அச்சிட்ட புத்தகத்தையே பாழாக்குவது என்ன நியாயம்?

---

பைண்டிங்கடை

மணி சார், குப்பையைப் பத்தி நீங்க குறைவா எடைபோடுறீங்க. நாங்க மூணு தலைமுறையா இந்தத் தொழில். ஒரு அச்சாபீஸ்ல எவ்வளவு தாள் வீணாகும்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. மெஷின் செட் ஆகுறவரைக்கும் ஓடுற பாரம் (பல பக்கம் சேர்த்து அடிக்கிற பெரிய தாள்), மை பூசிப்போனது, மடிப்பு தப்பினது, கூடுதலா அடிச்சு மிச்சமானது. இன்னைக்கும் இதையெல்லாம் எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி பைண்டர் ஒரு கட்டு எடுத்து வச்சுக்குவான். முதுகுக்கு உள்ள ஒட்ட, அட்டைக்குக் கனம் கொடுக்க, பார்சல் சுத்த.

அந்தக் காலத்துல இன்னும் அதிகம். காகிதம் விலை கூட. தோல் தாள் கிடைச்சா விடவே மாட்டான். கையால எழுதின பழைய தோல் ஏடு கிழியாது, பசையில ஊறாது, முதுகுக்குப் பட்டை வெட்ட அதைவிட நல்ல பொருள் கிடையாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு எவன் பார்த்தான்? லத்தீன் தெரிஞ்ச பைண்டர் எத்தனை பேரு?

பைண்டிங் பிரிச்சுத் திரும்பக் கட்டுறப்போ அந்த உள்தாள் தனியா வரும். அதை அடுப்புல போடாம ஒருத்தன் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனான்னா அவனைக் கையெடுத்துக் கும்பிடணும்.

---

நூலகப்பொன்னி

பைண்டிங்கடை அண்ணன் சொன்னதற்கு வரலாற்றுப் பின்னணி இருக்கிறது.

1536இலிருந்து 1540க்குள் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கிறித்தவ மடாலயங்களை மூடினார். நிலத்துக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் கணக்கு வைத்த அரசு, நூலகங்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1549இல் ஜான் பேல் என்பவர் நொந்துபோய் எழுதினார்: மடத்து ஏடுகளை வாங்கியவர்கள் விளக்குத் தண்டு தேய்க்கவும் பூட்ஸ் துடைக்கவும் வைத்துக்கொண்டார்கள், மளிகைக்காரருக்கும் சோப்பு வியாபாரிக்கும் விற்றார்கள், கடல்தாண்டி பைண்டர்களுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள் என்று. இத்தனைக்கும் பேல் மடங்களைத் தீவிரமாக எதிர்த்த ஆள். அவராலேயே தாங்கமுடியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பைண்டர்கள் அந்த ஏடுகளைப் பல ஆண்டுகள் அட்டையின் உட்பக்கம் ஒட்டித் தீர்த்தார்கள். பாக்ஃபோர்டு தலையெடுத்த காலத்தில் அந்தப் பைண்டிங்குகளுக்கு நூறு வயதுக்கு மேல். தேய்ந்து, பிரிந்து, மறுபைண்டிங்குக்கு வந்துகொண்டிருந்தன. உள்ளே ஒளிந்திருந்த தாள்கள் வெளியே வந்த அந்த நேரத்தில் அங்கே ஒருவர் கை நீட்டிக்கொண்டு நின்றார்.

அவர் சேர்த்த கையெழுத்துத் தாள்களில் ஒரு பகுதி அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட தாள்கள். லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தை ஒட்டி ஆர்ச்பிஷப் டெனிசன் வைத்திருந்த நூலகத்துக்குப் போய், 1861இல் அது விற்கப்பட்டபோது கைமாறி, 1968இல் மிசௌரி வந்து சேர்ந்தவை. மில்டன் கேட்ச் என்ற ஆய்வாளர் 1980களில் பாக்ஃபோர்டைப் பற்றி எழுதியபோது இவற்றையும் ஆராய்ந்தார். பெரும்பாலானவை பைண்டிங் கழிவு என்பதற்கான அடையாளங்கள் தாளிலேயே இருக்கின்றன. பாக்ஃபோர்டு மீது இருந்த கெட்ட பெயர் ஆய்வுலகில் மெல்ல மாறியது அதன்பிறகுதான்.

---

மை_மணி

தோல் ஏடு விஷயம் சரி, அதில் நான் வாதாடவில்லை. என் கேள்வி அச்சிட்ட முகப்புத் தாள் பற்றி. அது ஏன் பைண்டர் குப்பையில் இருக்கப்போகிறது? புத்தகத்துக்கு ஒன்றுதானே அடிப்பான்?

---

ஏட்டுப்பூச்சி

அங்கேதான் சுவாரசியம், மணி. முகப்புத் தாளைத் தனியாகக் கூடுதலாக அடிக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. அதுதான் அன்றைய போஸ்டர். லண்டனில் தூண்களிலும் கடைச் சுவரிலும் புதுப் புத்தகத்தின் முகப்புத் தாளை ஒட்டி வைப்பார்கள். கீழே இந்தக் கடையில், இந்தப் பலகை அடையாளத்தின்கீழ் கிடைக்கும் என்று முகவரி இருப்பதற்குக் காரணமே அது. மிச்சம் இருப்பது கடையில் கிடக்கும்.

இரண்டாவது, குறைப் புத்தகங்கள். 1666இல் லண்டனை எரித்த பெருந்தீயில் செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறையில் புத்தகக்காரர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று அடுக்கிவைத்த சரக்கு மொத்தமும் எரிந்துபோனது. அடி வாங்கிய வியாபாரம். பாதிப் புத்தகம், நடுப்பக்கம் போன புத்தகம், ஈரம் பட்ட புத்தகம் எல்லாம் சந்தையில் புழங்கும். அதை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள். அதிலிருந்து ஒரு தாள் எடுத்தால் அழிவு என்று சொல்லமுடியாது.

முழுப் புத்தகம் ஒன்றைக்கூட அவர் தொட்டிருக்கமாட்டார் என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் நூலகம் நூலகமாகப் புகுந்து கிழித்தவர் என்பதை யோசியுங்கள். மூரும் ஹார்லியும் தங்கள் நூலகக் கதவைத் திறந்து விட்டார்கள். தாமஸ் ஹெர்ன் போன்ற, யாரையும் லேசில் புகழாத ஆக்ஸ்ஃபோர்டு பண்டிதர் அவரை மெச்சி எழுதினார். முதிய வயதில் சார்ட்டர்ஹவுஸ் என்ற தர்ம இல்லத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் பிஷப் மூர். திருடன் என்ற பேச்சு அரசல் புரசலாக அடிபட்டிருந்தால்கூட, புத்தகத்தை உயிராக நினைக்கும் ஒரு மனிதர் இதைச் செய்வாரா? மூரின் நூலகம் சாதாரணமானதா என்ன? சுமார் 30,000 நூல்கள். அவர் இறந்தபின் முதலாம் ஜார்ஜ் மன்னர் வாங்கி கேம்பிரிட்ஜுக்குக் கொடுத்தார்.

---

தெருமுனை_வாசகர்

நடுவில் ஒரு கேள்வி. இவர் எழுதிய புத்தகம் எங்காவது படிக்கக் கிடைக்குமா?

---

ஏட்டுப்பூச்சி

புத்தகம் என்று எதுவும் இல்லை. 1707 கட்டுரையும், ஹெர்ன் பதிப்பித்த ஒரு தொகுப்பில் லண்டன் பழம்பொருள்கள் பற்றிய கடிதமும் அச்சில் உள்ளன. மற்றதெல்லாம் பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி தொகுதிகளாக இருக்கும் குறிப்புகள். அதில் செருப்புத் தொழிலின் வரலாறு பற்றிய கையெழுத்துக் குறிப்பும் உண்டு. பழைய தொழிலை மறக்கவில்லை மனிதர். எனக்கு அச்சு வரலாற்றைவிட அதைப் படிக்கத்தான் ஆசை.

---

கல்கோடாரி

அந்தக் கடிதத்தைச் சொல்லிவிட்டு அப்படியே தாண்டிப் போகிறீர்களே! தொல்லியல் படித்தவர்களுக்கு பாக்ஃபோர்டு என்றால் அந்தக் கடிதம்தான்.

1670களில் லண்டன் கிரேஸ் இன் லேன் அருகே சரளைக்கல் தோண்டும் இடத்தில் யானை எலும்புகள் கிடைத்தன. பக்கத்திலேயே கூராகச் செதுக்கிய ஒரு சிக்கிமுக்கிக் கல். எடுத்தவர் ஜான் கான்யர்ஸ் என்ற மருந்துக் கடைக்காரர், அவரும் ஒரு பழம்பொருள் பித்தர். பாக்ஃபோர்டு இந்தச் செய்தியைத் தன் கடிதத்தில் எழுதினார், 1715இல் அது அச்சில் வந்தது. கல் ஸ்லோன் கைக்குப் போய் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வயது சுமார் மூன்றரை லட்சம் ஆண்டுகள் என்கிறார்கள்.

அவர் கொடுத்த விளக்கம் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கும். ரோமப் பேரரசன் கிளாடியஸ் படையோடு வந்த யானையை ஒரு பிரித்தானியன் கல்லாயுதத்தால் குத்திக் கொன்றிருக்கிறான் என்று. ஆனால் கவனியுங்கள், இடியோடு வானத்திலிருந்து விழுந்த கல் என்று பலர் நம்பிய காலத்தில், இது மனிதன் செய்த ஆயுதம், உலோகம் தெரியாதவன் செய்தது என்று நேராகச் சொல்கிறார். உலகமே ஆறாயிரம் வருடப் பழமை என்று எண்ணிய சமூகத்தில் அவரால் அதற்குமேல் எங்கே போகமுடியும்?

முக்கியமானது விளக்கம் இல்லை. எந்த இடத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று எழுதிவைத்தார் பாருங்கள், அதனால்தான் அந்தக் கல்லுக்கு இன்று வரலாறு இருக்கிறது. இல்லையென்றால் அலமாரியில் இன்னொரு கல்.

---

நூலகப்பொன்னி

கல்கோடாரி, நீங்கள் அறியாமலேயே அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். பாக்ஃபோர்டு மேல் எனக்கு இருக்கும் ஒரே கோபம் இதுதான்.

கான்யர்ஸின் கல்லுக்கு இடம் குறித்த அதே கை, தன் ஆல்பத்தில் ஒட்டிய தாள்களுக்கு அதைச் செய்யவில்லை. இந்தத் தாள் எந்தப் புத்தகத்தின் அட்டைக்குள் இருந்தது, எந்த ஊர் பைண்டிங், யாரிடம் வாங்கினார் என்ற குறிப்புகள் பெரும்பாலும் கிடையாது. அவருக்கு அது எழுத்தின் மாதிரி, காகிதத்தின் மாதிரி. மாதிரிக்கு முகவரி எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

முகவரி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி வேறு யாருமில்லை, குற்றம் சாட்டிய பிளேட்ஸேதான். 1858இல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஒரு பள்ளியின் நூலகத்தில் மழைநீர் ஒழுகி நாசமாகிக் கிடந்த புத்தகக் குவியலில் அவர் கையில் பழைய ரோமத் தத்துவஞானி போயிதியஸின் நூல் ஒன்று தட்டுப்பட்டது. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் வில்லியம் காக்ஸ்டன் அடித்த பிரதி, பழைய பைண்டிங் அப்படியே. அட்டையைப் பிரித்தபோது அது மரப்பலகையில்லை, தாள்களை ஒட்டிச் செய்த அட்டை என்று தெரிந்தது. 56 அரைத்தாள்கள் வந்தன. எல்லாம் காக்ஸ்டன் அச்சகக் கழிவு. அதுவரை யாருக்கும் தெரியாத மூன்று காக்ஸ்டன் வெளியீடுகள் அதில் இருந்தன.

எந்த அட்டைக்குள்ளிருந்து வந்தது என்று தெரிந்ததால், தாள்கள் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றன. அதே தாள்கள் பாக்ஃபோர்டு ஆல்பத்தில் நாலு மூலையில் ஒட்டப்பட்டிருந்தால் 56 உதிரித் துண்டுகள், அவ்வளவே. பைண்டிங்கைப் பிரித்துத் தாள் எடுத்ததில் பிளேட்ஸுக்கும் பாக்ஃபோர்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பிளேட்ஸ் எங்கிருந்து என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

---

மை_மணி

பொன்னி மேடம், இப்படிச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். குற்றப்பத்திரிகையை மாற்றி எழுதலாம்: கிழித்ததற்காக இல்லை, எழுதிவைக்காததற்காக.

---

தெற்குவாசல்

எல்லோரும் அவரையே கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறீர்களே, பெரிய இடத்தை யாரும் கேட்கக் காணோம். பீப்ஸ் எழுத்து மாதிரிகளுக்கென்றே ஓர் ஆல்பம் வைத்திருந்தார், இன்றும் கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரியில் இருக்கிறது. அதற்காக டர்ஹாம் தேவாலயத்தார் தங்கள் ஆயிரம் வருடப் பழைய நற்செய்தி ஏட்டிலிருந்தே தாள் துண்டுகளைக் கொடுத்தார்கள். அது பைண்டர் குப்பை இல்லை, அலமாரியில் இருந்த ஏடு. பீப்ஸை யாராவது புத்தகக் கொலைகாரர் என்றார்களா? கனவான் செய்தால் ரசனை, செருப்புத் தைத்தவன் செய்தால் பேராசை. 19ஆம் நூற்றாண்டு ஆட்களுக்கு பாக்ஃபோர்டைப் பிடிக்காமல் போனதில் அவருடைய எழுத்துப்பிழைக்கும் பங்குண்டு என்பேன்.

காசு எங்கே போனது என்றும் பாருங்கள். அவர் தர்ம இல்லத்தில் சேர்ந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார். தாள்கள் ஹார்லியிடம் போயின. ஹெர்ன் தனக்கு வரும் என்று காத்திருந்தார், ஹார்லியின் நூலகர் ஹம்ஃப்ரி வான்லி முந்திக்கொண்டார். 1707இல் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு மதுக்கடையில் பாக்ஃபோர்டும் வான்லியும் ஜான் டால்மனும் கூடிப் பேசியதுதான் இன்றைய பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் ஆரம்பம். சங்கம் பிற்பாடு ராஜ சாசனம் வாங்கிப் பெரிய மனிதர்கள் சங்கமாகிவிட்டது.

---

ஏட்டுப்பூச்சி

தெற்குவாசல் சொல்வதில் பாதிக்கு உடன்பாடு. வான்லியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அவரும் துணிக்கடையில் தொழில் பழகிய பையன்தான். 1707 கட்டுரையோடு பாக்ஃபோர்டின் சேகரிப்பைப் பற்றி ஒரு விளக்கம் எழுதிச் சேர்த்தவர் அவரே. அதில் சேகரிப்பின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது தெரிகிறது.

ஹார்லியிடம் போனதும் ஒரு விதத்தில் நல்லதே. அந்தக் குடும்பத்தின் அச்சுப் புத்தகங்களை 1742இல் தாமஸ் ஆஸ்போர்ன் என்ற வியாபாரி 13,000 பவுண்டுக்கு மொத்தமாக அள்ளினார், அத்தனையும் சிதறிப்போனது. கையெழுத்துப் பிரதிகளை மட்டும் 1753இல் நாடாளுமன்றம் 10,000 பவுண்டுக்கு வாங்கியது. பாக்ஃபோர்டின் ஆல்பங்கள் கையெழுத்துப் பிரதிகளோடு கட்டி வைக்கப்பட்டிருந்ததால் தப்பின. ஒழுங்கான அச்சுப் புத்தகமாக அவர் சேர்த்திருந்தால் அதுவும் சிதறிப் போயிருக்கும்!

---

நூலகப்பொன்னி

பைண்டிங்கடை அண்ணே, உங்களிடம் ஒரு கேள்வி. குறிப்பு எதுவும் இல்லாத உதிரித் தாள் ஒன்றைக் கொடுத்தால், அது எந்த மாதிரி புத்தகத்துக்குள் இருந்தது என்று சொல்லமுடியுமா?

---

பைண்டிங்கடை

பெயர் சொல்லமுடியாது. உடம்பு சொல்லிடலாம்.

தாளோட மூணு ஓரத்துல பழுப்புப் பட்டை ஓடுதான்னு பாருங்க. தோலை அட்டைக்கு உள்பக்கமா மடிச்சு ஒட்டின இடம் அது, தோல்ல இருக்கிற சாயம் தாள்ல இறங்கிடும். பட்டைக்குப் பட்டை அளந்தா அட்டையோட உயரம் அகலம் தெரிஞ்சுபோச்சு. நாலாவது ஓரத்துல ஓட்டை வரிசையா இருக்கும், அது தையல். எத்தனை கயித்துல தைச்சான், எவ்வளவு இடைவெளின்னு எண்ணிக்கலாம். துருக்கறை இருந்தா கொக்கியோ சங்கிலி ஆணியோ இருந்திருக்கு.

புழு ஓட்டை ரொம்ப முக்கியம். புழு நேரா ஒரு தாளோட நிக்காது, அடுத்தடுத்த தாள்ல துளைச்சுக்கிட்டே போகும். ஒரே இடத்துல ஓட்டை விழுந்த ரெண்டு உதிரித் தாள் கிடைச்சா, ரெண்டும் ஒரே புத்தகத்துல பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுன்னு தைரியமா சொல்லலாம். எங்க பசையில மயில்துத்தம் போடுறதே இந்தப் புழுவுக்குப் பயந்துதான்.

மிசௌரி தாளோட படம் இருந்தா ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி இங்க போடுங்க மேடம். முன்பக்கம் மட்டும் போட்டா பிரயோஜனம் இல்ல, பசை பட்ட பக்கம்தான் எனக்கு வேணும்.